மூன்றாம் மாடி ஒயின் பெட்டியும் முப்பது பக்கக் கதைகளும்

பெட்டி வந்தது ஏப்ரல் கடைசியில். கீழ்வீட்டில் ஏழு வருடம் குடியிருந்தவர் காலி செய்துகொண்டு போகும்போது, "ஓடல. ஆனா தூக்கிப் போட மனசு வரல. நீங்கதான் எதையாவது பிரிச்சுக்கிட்டே இருப்பீங்களே" என்று சொல்லி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு பாட்டில் கொள்ளும் ஒயின் குளிர்ப்பெட்டி. கண்ணாடிக் கதவு, உள்ளே நீல விளக்கு, நாலு கம்பித் தட்டு. பிளக்கைச் செருகினால் விளக்கு எரிகிறது, பின்னால் விசிறி சுற்றுகிறது, முகப்பில் 14 என்று எண் மின்னுகிறது. கையை உள்ளே விட்டால் வெளியில் இருக்கும் அதே புழுக்கம்.

வேண்டாம் என்று நான் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடமாக எனக்கு ஒரு சாயங்காலப் பழக்கம். ஏழரை மணிக்குப் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு அறிவியல் புனைகதை, கூடவே ஒரு கிளாஸ் ஒயின். இரண்டாவது கதையும் கிடையாது, இரண்டாவது கிளாஸும் கிடையாது. 750 மில்லி பாட்டிலில் கிளாஸுக்கு 125 ஊற்றினால் கணக்காக ஆறு. பன்னிரண்டு கதை உள்ள தொகுப்பு என்றால் இரண்டு பாட்டில். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது, புதுச்சேரியின் சூடு.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று யாரோ எழுதிவைத்ததை எல்லோரும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த 'அறை' ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. முத்தியால்பேட்டையில் மேற்கு பார்த்த மூன்றாம் மாடியில் மே மாத ராத்திரி எட்டு மணிக்கு 32. அந்தச் சூட்டில் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினை ஊற்றி மூக்குக்கிட்டே கொண்டுபோனால் பழம் கிழம் ஒன்றும் தெரியாது, ஆல்கஹால்தான் முன்னால் வந்து நிற்கும். சரி, ஃப்ரிட்ஜில் வைத்தால்? 5 டிகிரியில் மணம் அடங்கிவிடுகிறது, துவர்ப்பு மட்டும் கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி நாக்கில் ஒட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் வேண்டும். அந்த இடம் ஓசியில் வாசலுக்கு வந்திருக்கிறது. பழுதாக வந்திருக்கிறது என்பது எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

முதல் ஞாயிறு. பின்பக்கத் தகட்டில் எட்டு ஸ்க்ரூ. ஆறு துருப்பிடித்து, இரண்டு தலையே மழுங்கிப்போய். கடற்காற்று ஊரில் இது ஆச்சரியமில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்துத் திருப்பினேன். உள்ளே நான்கு பல்லி முட்டை ஓடு, விசிறி இறக்கைகளில் கம்பளி மாதிரி தூசி. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். இதில் கம்ப்ரசர் இல்லை, கேஸ் இல்லை, குழாய் இல்லை. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் அகலமான ஒரு வெள்ளைத் தகடு, அதன் இரண்டு பக்கமும் சூட்டைக் கடத்தும் அலுமினிய ஹீட் சிங்க், இரண்டு விசிறி, ஒரு பவர் சப்ளை போர்டு. அவ்வளவுதான். அந்தத் தகட்டுக்குள் மின்சாரம் ஓடினால் ஒரு முகம் குளிரும், மறுமுகம் சுடும். 1834இல் இதைக் கண்டுபிடித்த பெல்டியர் அதற்கு முன்பு கடிகாரம் செய்துகொண்டிருந்தவர். குளிர் முகத்தை பெட்டிக்குள்ளும் சூட்டு முகத்தை வெளியிலும் வைத்துவிட்டால் குளிர்ப்பெட்டி தயார்.

இதையே திருப்பிப் போட்டால், ஒரு முகத்தைச் சூடாக்கி இன்னொன்றைக் குளிராக வைத்தால், மின்சாரம் வரும். அதை ஸீபெக் 1821லேயே பார்த்துவிட்டார். 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. புளூட்டோனியம்-238 தானாகச் சிதைந்து சூட்டைத் தருகிறது, அந்தச் சூட்டை இந்த மாதிரி இணைப்புகள் மின்சாரமாக்குகின்றன. அசையும் பாகம் எதுவும் இல்லாததால்தான் இத்தனை வருடம் தாக்குப்பிடிக்கிறது. சூரியக் காற்று எட்டும் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் சங்கதியின் ஒன்றுவிட்ட தம்பி என் பால்கனியில் பல்லி முட்டையோடு உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்ததும், இந்தப் பெட்டியைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

விசிறியில்தான் கோளாறு என்று நினைத்தேன். அது சுற்றியது, ஆனால் சோம்பலாக. பின்பக்க ஹீட் சிங்கின் சூடு வெளியேறாவிட்டால் குளிர் முகமும் சூடாகிவிடும், தகடு வேலை செய்தும் பயனில்லை. பழைய கணினியிலிருந்து 12 வோல்ட் விசிறி ஒன்றைக் கழற்றிப் பொருத்தி, பல் துலக்கும் பிரஷ்ஷால் ஹீட் சிங்கைச் சுத்தம் செய்து, பெருமையோடு பிளக்கைச் செருகினேன். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. பின்பக்க ஹீட் சிங்கைத் தொட்டால் சூடே இல்லை. அதை முதலிலேயே தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். குளிர்ப்பெட்டியின் முதுகு சுடாவிட்டால் தகடு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இதற்கு ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவையில்லை, கை இருந்தால் போதும்.

மல்டிமீட்டரை எடுத்தேன். தகட்டுக்குப் போகும் வயரில் 12.1 வோல்ட். பவர் சப்ளை நன்றாக இருக்கிறது. வயரைக் கழற்றித் தகட்டின் மின்தடையை அளந்தால் மீட்டர் ஒன்றும் காட்டவில்லை, உள்ளே எங்கோ அறுந்துவிட்டது. நல்ல தகடு என்றால் இரண்டு ஓம் சுற்றி வரும். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: இப்போதுதான் ஓடி நின்ற தகட்டை ஓம் வைத்து அளக்காதீர்கள். இரண்டு முகத்துக்கும் சூட்டில் வித்தியாசம் இருந்தால் தகடே மின்னழுத்தம் தரும், மீட்டர் கன்னாபின்னாவென்று காட்டும். அதையே சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒரு முகத்தை மேசையில் வைத்து மறுமுகத்தில் உள்ளங்கையை அழுத்துங்கள். மீட்டரில் மில்லிவோல்ட் ஏறினால் உயிர் இருக்கிறது. என்னுடையது பூஜ்யம்.

தகட்டின் முதுகில் டி.இ.சி. 1-12706 என்று அச்சடித்திருந்தது. 127 என்பது உள்ளே இருக்கும் குறைக்கடத்தி ஜோடிகளின் எண்ணிக்கை, 06 என்பது ஆம்பியர். அடுத்த வாரம் சென்னையில் வேலை இருந்தது, மத்தியானம் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போனேன். கடைத் தம்பி தலையைத் தூக்காமலே, "ஆறா பத்தாண்ணே?" என்றான்.

"ஆறு."

"எதுக்கு, தண்ணி கேன் கூலரா?"

"ஒயின் பெட்டி."

இப்போது தலையைத் தூக்கினான். "ரெண்டா வாங்கிக்குங்கண்ணே. மொத தடவ மாட்றவங்க ஒண்ணு உடைப்பாங்க."

வியாபாரப் பேச்சு என்று நினைத்தேன். இருந்தாலும் ஒன்று 280 ரூபாய்தானே என்று இரண்டு வாங்கினேன், தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் ஒரு சிரிஞ்சும்.

முதல் தகட்டை உடைத்தேன். அவன் சொன்னது வியாபாரப் பேச்சில்லை. தகட்டின் இரண்டு முகமும் பீங்கான். நடுவில் அதை வைத்து இரண்டு ஹீட் சிங்கையும் ஸ்க்ரூவால் சேர்த்து இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனேன், 'டிக்' என்று அப்பளம் உடைகிற மாதிரி சத்தம். இரண்டாவதற்கு ஒழுங்காகச் செய்தேன். பழைய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது, அதை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, புதுப் பேஸ்ட்டை இரண்டு முகத்திலும் மெல்லிசாக, பழைய ஏடிஎம் அட்டையால் வழித்துப் பூசினேன். ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கால் திருப்பாக இறுக்கினேன். தகட்டைச் சுற்றிப் பழைய ஃபோம் வளையம் கிழிந்திருந்தது. கதவு ஓரத்துக்கு ஒட்டும் பட்டையை வெட்டி அந்த இடத்தில் வைத்து, ஓரத்தில் சிலிகான் பூசினேன். இந்த இடத்தை அலட்சியம் செய்யக்கூடாது. குளிர் முகத்தில் நம் ஊர்க் காற்றின் ஈரம் வியர்க்கும், அந்த ஈரம் தகட்டுக்குள் இறங்கினால் ஜோடிகள் அரித்துப்போகும். பழைய தகடு செத்ததும் அதனால்தான் இருக்க வேண்டும், ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு.

வயரைப் பற்ற வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். பின்பக்க விசிறி நன்றாகவே காற்றுத் தள்ளியது. சாயங்காலத்துக்கு என்று ஒரு நாசிக் செனின் பிளாங்க் வெள்ளை ஒயின் பாட்டிலை உள்ளே படுக்கவைத்துவிட்டு நானும் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. உள்ளே வைத்திருந்த சமையல் தெர்மாமீட்டரில் 52. வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தகட்டுக்குத் திசைதான் எல்லாம். சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறினால் குளிர் முகம் சூட்டு முகமாகிவிடும். என் பழைய தகட்டை மாட்டியிருந்தவர்கள் எழுத்து இருக்கும் முகத்தை உள்பக்கம் வைத்திருந்தார்கள், நான் அதை வெளிப்பக்கம் வைத்துவிட்டு வயரை மட்டும் பழையபடியே கொடுத்திருக்கிறேன். மாட்டும் முன்பு ஐந்து விநாடி மின்சாரம் கொடுத்து எந்த முகம் குளிர்கிறது என்று விரலால் பார்த்திருந்தால் இந்த வினை இல்லை. ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம், ஹீட் சிங்க் இல்லாமல் ஓடினால் வெந்துவிடும்.

செனின் பிளாங்க் அன்றைக்கு வெந்துவிட்டது. குளிரவைத்துக் குடித்துப் பார்த்தேன். பச்சை ஆப்பிளும் எலுமிச்சையுமாக இருக்க வேண்டியது, வேகவைத்த ஆப்பிளின் மேல் கொஞ்சம் தேன் ஊற்றிய மாதிரி மந்தமாக இருந்தது. மீன் குழம்பில் விடலாமா என்று கேட்டேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தொட்டியில் ஊற்றினேன். அன்று கதையை மோரோடு படித்தேன்.

வயரை மாற்றிய பிறகு எடுத்த குறிப்பு இது. அறை 32. ஆரம்பத்தில் உள்ளே 31. ஒரு மணி நேரத்தில் 25, இரண்டு மணியில் 21, நாலு மணியில் 18. மறுநாள் காலை அறை 29ஆக இருந்தபோது உள்ளே 15. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. முகப்பில் 14 என்ற எண் பாவமாக மின்னிக்கொண்டே இருந்தது. இது பழுதில்லை, இந்தப் பெட்டிகளின் சுபாவம். வெளிச்சூட்டிலிருந்து பதினான்கு பதினைந்து டிகிரி கீழே இழுக்கும், அவ்வளவுதான் அதன் தெம்பு. 22 டிகிரி அறையில் இருந்தால் 8க்குப் போகும். இங்கே மே மாதத்தில் வெள்ளை ஒயினுக்கு இது உதவாது. சிவப்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. அதனால் சிவப்பு பெட்டியிலும் வெள்ளை ஃப்ரிட்ஜிலும் என்று பிரித்துக்கொண்டேன்.

மின்சாரம் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் 64 காட்டியது. அறை சூடாக இருப்பதால் நிற்காமல் ஓடுகிறது. ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட், மாதம் 46. எங்கள் சமையலறை ஃப்ரிட்ஜை அதே மீட்டரில் போட்டால் இதில் பாதிதான் வந்தது. பால், தயிர், மாவு, காய்கறி, பக்கத்து வீட்டுக்காரரின் இன்சுலின் எல்லாம் வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ் ஒரு பக்கம், மூன்று பாட்டில் வைத்திருக்கும் பெட்டி இன்னொரு பக்கம். இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது மத்தியானம் மூன்று மணிக்கு டைமர் போட்டு ஒன்பது மணிக்கு நிறுத்துகிறேன். ஒயினை வருடக்கணக்கில் வைத்து முதிரவிடுகிறவர்கள் இப்படிச் செய்யக்கூடாது, சூடு ஏறி ஏறி இறங்குவது ஆகாது. இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் பாட்டிலுக்குப் பரவாயில்லை.

பெட்டி ஓட ஆரம்பித்த பிறகுதான் வேறு ஒன்று புரிந்தது. பாட்டில் என்ன சூட்டில் இருக்கிறது என்பது பாதி விஷயம்தான். கிளாஸில் ஊற்றிய பிறகு என்ன ஆகிறது?

கதை படிக்கும்போது தெர்மாமீட்டர் கம்பியை கிளாஸிலேயே போட்டு வைத்தேன், நாலைந்து நாள். அறை 31, தலைக்கு மேல் ஃபேன் மூன்றில். 6 டிகிரியில் எடுத்த வெள்ளை, ஊற்றிய உடனேயே 9, கிளாஸே அறைச் சூட்டில் இருக்கிறதே. பத்து நிமிடத்தில் 14. இருபதில் 18. வெள்ளை ஒயின் நன்றாக இருப்பது 8க்கும் 12க்கும் நடுவில் என்று வைத்துக்கொண்டால், எனக்குக் கிடைப்பது ஐந்தாறு நிமிடம். பெட்டியிலிருந்து 17இல் எடுத்த சிவப்பு, ஊற்றியவுடன் 19, கால் மணியில் 22, அரை மணியில் 25. முக்கால் மணிக்கு அது பழைய மே மாதத்து ஷிராஸ், ஆல்கஹால் முன்னால் வந்து நிற்கிறது.

நான் பத்துப் பக்கம் படிக்கக் கால் மணி ஆகும். முப்பது பக்கம் என்றால் முக்கால் மணி. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. நீளமான அறிவியல் புனைகதைகள் நன்றாக ஆரம்பித்துக் கடைசியில் சொதப்புகின்றன என்பது என் நெடுநாள் அபிப்பிராயம். நண்பர்களிடம் அடித்துப் பேசியிருக்கிறேன். கதாசிரியருக்கு உலகத்தைக் கட்டத் தெரிகிறது, முடிக்கத் தெரியவில்லை என்று. ஆனால் கடைசிப் பத்துப் பக்கத்தை நான் எப்போதும் சூடேறிய ஒயினோடுதான் படித்திருக்கிறேன்!

படித்த புத்தகங்களின் ஓரத்தில் 'முடிவு சரியில்லை' என்று பென்சிலில் எழுதும் வழக்கம் உண்டு. அப்படி எழுதிய மூன்று கதைகளை எடுத்துத் திரும்பப் படித்தேன். இந்த முறை 60 மில்லி முதலில், பாதிக் கதையில் எழுந்துபோய் மீதி 65. இரண்டு கதைகளின் ஓரக் குறிப்பை அழிக்க வேண்டியதாயிற்று. ஒன்றில், தொலைவிலிருந்து வரும் சிக்னலுக்குப் பதில் அனுப்புவதா வேண்டாமா என்று கடைசி வரை முடிவெடுக்காமல் விட்டதை நான் கதாசிரியரின் சோம்பல் என்று எழுதியிருந்தேன், அதுதான் கதையே. மூன்றாவது கதை எந்த வெப்பநிலையிலும் மோசம். ஒரே கதையை இரண்டாம் முறை படிப்பதால் வந்த வித்தியாசமாகவும் இது இருக்கலாம், ஒயினுக்கு மட்டும் பெருமை கொடுக்க முடியாது. ஆனாலும் இரண்டு தவணையில் ஊற்றுவதை நான் விடவில்லை.

அதிலிருந்து ஜோடி சேர்ப்பதை பக்கக் கணக்கில் வைத்துக்கொண்டேன். விண்வெளிக் கதைக்கு இந்தத் திராட்சை, ரோபோ கதைக்கு அந்தத் திராட்சை என்று பொருத்திப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஜாதகப் பொருத்தம் மாதிரி, பார்த்தவருக்குத் திருப்தி. எனக்கு எட்டுப் பத்துப் பக்கத்துக் கதை, ஒரே ஒரு யோசனையைச் சுண்டிவிட்டு முடிந்துபோகும் கதை என்றால் வெள்ளை, நாசிக்கின் செனின் பிளாங்க்கோ சாவிஞான் பிளாங்க்கோ. கிளாஸையும் ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன், ஃபேனை ஒன்றுக்குக் குறைப்பேன். இருபது பக்கத்துக்கு மேல் போனால் சிவப்பு, இரண்டு தவணை. இரண்டாம் தவணைக்கு எழுந்து போகும் அந்த அரை நிமிடம், கதையில் எங்கே நிறுத்துவது என்று தேடவைக்கிறது. நல்ல கதாசிரியர்கள் அந்த இடத்தில் ஒரு வெற்றுவரி விட்டிருப்பார்கள்.

ஸ்டீல் டம்ளரில், அதுவும் இரட்டைச் சுவர் உள்ளதில் ஊற்றினால் சூடு ஏறாதே என்று மனைவி கேட்டாள். ஏறவில்லைதான், அரை மணியில் இரண்டே டிகிரி. ஆனால் வாய் நேராக விரிந்த டம்ளரில் மணம் தங்கவில்லை. ஒரு நாளோடு விட்டுவிட்டேன். ஸ்பார்க்ளிங் ஒயின் எனக்குத் தோதுப்படாது. திறந்த மறுநாளே நுரை போய்விடும், ஆறு நாள் கணக்குக்கு ஒத்துவராது. தொட்டுக்கொள்ள வறுத்த வேர்க்கடலை, உப்பு குறைவாக. ஷிராஸோடு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுப் பார்த்ததை அனுபவம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், துவர்ப்பும் காரமும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டன. பஜ்ஜிதான் வேண்டும் என்றால் கொஞ்சம் இனிப்பு ஓடும் செனின் எடுங்கள்.

ஆறு நாளைக்கு ஒரு பாட்டிலை எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் அதிகம் சண்டை போட்டேன். திறந்த ஒயினுக்குக் காற்று எதிரி. முதல் நாள் கொஞ்சம் காற்று பட்டால் நன்றாக விரியும், மூன்றாம் நாள் பழம் மங்கும், ஐந்தாம் நாள் காடி வாசம் எட்டிப் பார்க்கும். காற்றை உறிஞ்சி எடுக்கும் கைப்பம்பு ஒன்று வாங்கினேன், ரப்பர் மூடியோடு. நாலாம் நாள் வரை தாங்கியது. அப்புறம் ஒரு பழைய 375 மில்லி பாட்டிலைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்து, புதுப் பாட்டிலைத் திறந்தவுடன், முதல் கிளாஸ் ஊற்றுவதற்கு முன்பே, அந்தச் சின்னதில் விளிம்பு வரை நிரப்பி மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தேன். உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. பெரிய பாட்டிலில் மீதமிருப்பது மூன்று நாளில் தீர்ந்துவிடும். நாலாம் நாள் சின்னதைத் திறந்தால் ஏறக்குறைய முதல் நாள் ருசி. சிவப்பையும் இப்படித்தான் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன், குடிக்கும் நாள் மத்தியானம் பெட்டிக்கு மாற்றிவிடுவேன். கைப்பம்பு இப்போது பேரனின் விளையாட்டுச் சாமான்.

பழ ஈ ஒரு தொல்லை. ஒயினைத் திறந்த இரண்டாவது நிமிடம் எங்கிருந்தோ வந்துவிடும். கிளாஸ் மேல் காப்பி டபராவைக் கவிழ்த்து வைக்கிறேன். அழகாக இல்லை.

இதற்கு நடுவில் ஒரு நாள், 1827இலிருந்து இருக்கும் நம் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் ஜூல் வெர்னின் நிலவுப் பயணப் புத்தகங்களில் இரண்டாவதை எடுத்துவந்தேன், 1870இல் வந்தது. பீரங்கிக் குண்டுக்குள் உட்கார்ந்து மூன்று பேர் நிலாவுக்குப் போகிறார்கள். போகிற வழியில் சாப்பாடு முடிந்ததும், பிரெஞ்சுக்காரர் ஆர்தான் 'தற்செயலாக' ஒரு பாட்டில் நுயி ஒயினை எடுக்கிறார். பூமியும் அதன் துணைக்கோளும் ஒன்றுசேரட்டும் என்று சொல்லி மூவரும் குடிக்கிறார்கள். கதையோடு நின்றிருந்தால் சும்மா சொல்லிவிட்டுப் போயிருப்பேன். 1971இல் அப்போலோ 15 குழுவினர் தாங்கள் இறங்கிய ஹாட்லி பகுதியில் ஒரு பள்ளத்துக்கு செயின்ட் ஜார்ஜ் என்று பெயர் வைத்தார்கள், அந்த பாட்டிலின் ஞாபகமாக. பிரான்சின் பர்கண்டியில் அந்த ஒயின் வரும் நுயி சேன் ஜோர்ஜ் (செயின்ட் ஜார்ஜின் பிரெஞ்சு உச்சரிப்பு) ஊர்க்காரர்கள் பதிலுக்குத் தங்கள் ஊரில் ஒரு சதுக்கத்துக்கு அந்தப் பள்ளத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். கதையிலிருந்த ஒயின் நிலாவுக்குப் போய், அங்கிருந்து திராட்சைத் தோட்டத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. அப்போலோ 15க்கு இரண்டு வருடம் முன்பே, அப்போலோ 11இல் போன ஆல்ட்ரின் நிலாவில் இறங்கி நின்ற கலத்துக்குள் நற்கருணை எடுக்கும்போது, ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில் ஒயின் கிண்ணத்தின் ஓரத்தில் மெதுவாக வளைந்து ஏறியதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கிண்ணத்தில் எத்தனை டிகிரி என்று யாரும் அளக்கவில்லை என்பது என் வருத்தம்.

நுயி ஒயின் என் பட்ஜெட்டில் இல்லை. அது பினோ நுவார் திராட்சை, மெல்லிய உடம்பு, 14 டிகிரியில் குடிக்க வேண்டும் என்பார்கள். ஒரு நாள் வேண்டுமென்றே ஷிராஸையே 14க்கு இறக்கி அந்த அத்தியாயத்தைப் படித்தேன். ஆர்தான் கோபித்துக்கொண்டிருப்பார்.

ஜூலை இரண்டாம் வாரம் பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியது. உள்ளே குளிர் ஹீட் சிங்கில் வியர்த்த நீர் வடியும் சின்னத் துளை அடைத்திருந்தது. பழைய சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தினேன், பாசி மாதிரி ஒன்று வந்தது. இப்போது மாதம் ஒரு முறை குத்துகிறேன். தகடு இன்று வரை இரண்டு ஓம்தான் காட்டுகிறது. கணினி விசிறி மட்டும் ராத்திரி எட்டு மணி வாக்கில் லேசாக முனகுகிறது, எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும்.

போன வாரம் விசிறியை நிறுத்திவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "ஏங்க, அன்னிக்கு அந்த வயர மாத்திக் குடுத்துச் சுட வெச்சீங்களே, அது மறுபடி வருமா?"

"வரும். ஏன்?"

"மார்கழியில மாவு புளிக்கவே மாட்டேங்குது."

52 டிகிரியில் மாவு புளிக்காது, 12 வோல்ட் கொடுக்கக் கூடாது. 5 வோல்ட் சப்ளை ஒன்று தனியாக வேண்டும், உள்ளே 30க்குப் பக்கத்தில் நின்றால் போதும். திசை மாற்றும் ஆறு கால் சுவிட்ச் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், 40 ரூபாய். இரண்டு தட்டைக் கழற்றிவிட்டால் பெரிய தூக்கு உட்காரும், அளந்து பார்த்துவிட்டேன். இன்னும் பற்ற வைக்கவில்லை.